வலி கண்டது எத்தனை மணிக்கு?

சென்ற ஆண்டு ஒரு மாவட்டத் தலைநகரில், நூலக வாசகர் வட்டத்தார் என்னுடைய நாவல் ஒன்றைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நாவல் அது. இரண்டு பேராசிரியர்கள் பாராட்டிப் பேசினார்கள். ஓர் இளைஞர் நடையைப் பற்றிக் கட்டுரை படித்தார். நானும் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாள் எழுந்தார்.

"நான் கிராமத்து நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ சார். உங்க கதையிலே செண்பகம்னு ஒரு பொண்ணு பிரசவத்திலே செத்துப் போறாளே, அவளுக்கு வலி கண்டது எத்தனை மணிக்கு?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி, "இரவில்" என்றேன்.

"ராத்திரி சரி சார். பனிக்குடம் எப்போ உடைஞ்சுது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு முதல்லே சொன்னது யாரு? வண்டி பிடிக்கப் போனது யாரு?"

"அதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை, அம்மா."

"தேவைப்படலேன்னா அவ எதனாலே செத்தா சார்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டது போலத்தான் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தலைவர் நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். மழைக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் ஏறுகிற ஓசை, காற்றில் ஒடுங்கி ஒடுங்கி நிமிர்கிற அரிக்கேன் விளக்கு, கிணற்றடியில் தவளைகள், திண்ணையில் புகைத்துக்கொண்டே விழித்திருக்கும் கணவன், வெந்நீர்ச் சட்டியோடு உள்ளும் வெளியுமாக நடக்கும் மாமியார் எல்லாம் இருக்கிறார்கள். பிறகு குழந்தையின் அழுகுரல். பிறகு மௌனம். பிறகு விடியல். அடுத்த அத்தியாயம், 'ஆறு ஆண்டுகள் கழிந்தன' என்று தொடங்குகிறது. இந்த மௌனத்தைத்தான் விமரிசகர்கள் கலை நயம் என்று பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

இப்போது படிக்கும்போது ஒன்று புரிந்தது. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பது எனக்கே தெரியாது. தெரிந்து மறைத்திருந்தால் அதைக் கலை என்று சொல்லலாம். தெரியாததைச் சொல்லாமல் விட்டது கலையாகாது. செண்பகத்தின் கணவன் மனைவியை இழந்தவனாக இருந்தால்தான் என் நாவலின் பிற்பகுதி நடக்கும். அதற்காக அவளை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. பிரசவம் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

இந்தக் குற்றம் என் ஒருவனுடையது அல்ல. நம் தொடர்கதைகளிலும், குடும்ப நாவல்களிலும், திரைப்படங்களிலும் பிரசவத்தில் இறந்த தாய்மார்களைக் கூட்டிச் சேர்த்தால் ஒரு ஊரே ஆகும். கதாநாயகன் தாயில்லாப் பிள்ளையாக வளர வேண்டுமா? சித்தி வர வேண்டுமா? தங்கை தன் வாழ்வைத் தியாகம் செய்து அண்ணன் குழந்தையை வளர்க்க வேண்டுமா? எல்லாவற்றிற்கும் ஒரே ஏற்பாடுதான். மாரடைப்பு என்றாலும் பாம்புக்கடி என்றாலும் கதாசிரியன் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்கு மட்டும் காரணம் கேட்பாரில்லை. பெண்ணாகப் பிறந்தாள், பிள்ளை பெற்றாள், போய்ச் சேர்ந்தாள் என்றால் வாசகர் ஏற்றுக்கொள்கிறார். விதி என்ற சொல் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் ஒரே சமயத்தில் வசதியாக இருக்கிறது.

மேல்நாட்டுப் பெரிய நாவல்களிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். நானும் என் மனத்துக்குள் அந்தச் சமாதானத்தைத்தான் முதலில் தேடினேன். ஆனால் எடுத்துப் படித்தபோது அந்தப் புத்தகங்கள் எனக்குத் துணைக்கு வரவில்லை.

டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' ஒரு தாயின் சாவோடுதான் தொடங்குகிறது. ஏழைகள் விடுதியில் பிள்ளையைப் பெற்றுவிட்டு அவள் இறந்துபோகிறாள். ஆனால் அந்தச் சில பக்கங்களுக்குள் டிக்கன்ஸ் என்னவெல்லாம் சொல்லிவிடுகிறார்! முந்தைய இரவு தெருவில் விழுந்து கிடந்தவளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்பதைக் கிழிந்து தேய்ந்த அவளுடைய காலணிகள் சொல்கின்றன. பக்கத்தில் இருக்கும் தாதி குடித்திருக்கிறாள். அவள் ஏன் இறந்தாள் என்று யாரும் டிக்கன்ஸைக் கேட்க வேண்டியதில்லை.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் இளவரசர் ஆந்திரேயின் மனைவி லீஸா பிரசவத்தில் இறக்கிறாள். அது பிரபுவின் மாளிகை. பணத்துக்குக் குறைவில்லை, மருத்துவச்சி வீட்டிலேயே இருக்கிறாள். ஆனாலும் டாக்டர் மாஸ்கோவிலிருந்து வந்தாக வேண்டும். அவருக்காக மாற்றுக் குதிரைகளை நெடுஞ்சாலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளைச்சாலை திரும்புகிற இடத்தில் விளக்கோடு குதிரை வீரர்கள் காத்து நிற்கிறார்கள். மருத்துவம் ஒரு சாலையின் மறுமுனையில் இருந்தது என்பதை டால்ஸ்டாய் மறைக்கவில்லை. அவள் இறந்த பிறகும் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. அந்த உயிரற்ற முகம் கணவனையும் மாமனாரையும் பார்த்துக் குறை கேட்கிறது. இருவராலும் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அதே ஆசிரியர் 'அன்னா கரீனினா'வில் கிட்டியின் பிரசவத்தை எழுதுகிறார். அவள் பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் அவளுடைய கணவன் லெவின் டாக்டர் வீட்டுக்கு ஓடுகிற காலை நேரத்தை மறக்க முடியாது. டாக்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்கிறான், விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலைக்காரன். மருந்துக் கடைக்காரன் அவசரமில்லாமல் புட்டியில் ஊற்றி, சீட்டு ஒட்டி, காகிதம் சுற்றுகிறான். டாக்டர் எழுந்தபின் முகம் கழுவி, தலை வாரி, காப்பி குடித்துவிட்டு வருவதாகச் சொல்கிறார். படிக்கிற நமக்கு அந்தக் காப்பிக் கோப்பையைத் தட்டிவிடலாமா என்றிருக்கிறது. பிரசவத்தைக் கடிகாரத்தோடு எழுதியவர் டால்ஸ்டாய்.

ஆக, அவர்களிடமிருந்து நாம் சாவை மட்டும் கடன் வாங்கினோம். தேய்ந்த காலணியையும், சாலையில் நின்ற விளக்கையும், டாக்டரின் காப்பியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நர்ஸம்மாவின் கேள்விகள் அவருடைய சொந்தக் கற்பனை அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பேறுகாலச் சாவுகளுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக வகுத்துச் சொன்னது. வைத்தியம் தேட வேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம். முடிவு செய்த பிறகு போய்ச் சேர்வதில் தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். உலகெங்கும் மருத்துவத் துறையினர் இன்றும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் உதிரம் நில்லாமல் போனால், வைத்தியம் இல்லாத நிலையில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் உயிர் போகலாம். கர்ப்பப்பை கிழிந்தால் ஒரு நாள். ஜன்னி கண்டால் 2 நாள். பிள்ளை வெளிவர முடியாமல் நின்றுவிட்டால் 3 நாள். பிறப்புறுப்பில் விஷம் ஏறிக் காய்ச்சல் கண்டால் 6 நாள். இவை சராசரி மதிப்பீடுகள்தாம். ஆனாலும் ஒரு நாவலாசிரியனை இவை தூங்கவிடக் கூடாது. மூன்று நாள்! மூன்று நாள் ஒரு பெண் வலியோடு கிடந்து இறந்தாள் என்றால், அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் யார் யார் என்னென்ன பேசினார்கள்? அதை எழுதாமல் மழையை எழுதியவன் நான்.

முதல் தாமதம் எப்படி உருவாகிறது என்பதற்கு நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி சாட்சியாக இருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் அது நடந்தது. அங்கே ஊழியம் செய்துவந்த அமெரிக்க டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். அம்மாவுக்கு உடல்நலம் இல்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர்கள் அவள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். "என் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்கிறாள் ஐடா. ஆண் டாக்டர் கூடாது, நீ வந்தால் வா என்கிறார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் அது ஆஸ்பத்திரியாயிற்று. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. இன்று வேலூர் என்றால் இந்தியா முழுவதும் தெரிகிற அந்தப் பெரிய மருத்துவமனையின் பிறப்பு இதுதான்.

இந்த வரலாற்றை நான் பலமுறை படித்து உருகியிருக்கிறேன். நர்ஸம்மாவின் கேள்விக்குப் பிறகு ஒரு கதையாக நினைத்துப் பார்த்தேன். பாத்திரங்கள் யார்? ஒரு இளம்பெண், அவளுடைய தந்தை, வாசலுக்கு வந்த மூன்று ஆண்கள். இறந்த மூவரும் எங்கே? அவர்களுக்குப் பெயரில்லை. வேறு ஆண் வந்து தொடுவதைவிடச் சாவதே மேல் என்று அவர்களே நினைத்தார்களா, அல்லது அவர்களை யாரும் கேட்கவே இல்லையா? 'வேண்டாம்' என்று சொன்ன குரல்கள் மூன்றும் ஆண் குரல்கள். அந்தக் கணவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில் மனைவிக்காக ஓடி வந்தவர்கள் அவர்கள். இரண்டாவது தாமதம் அங்கே இல்லை. டாக்டர் நடக்கிற தூரத்தில் விழித்திருந்தார். முதல் தாமதம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்த வழக்கத்தை ஊகித்துக் கட்டடமே எழுப்பியவர்களும் உண்டு. சென்னையில் மருத்துவம் பயின்ற மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் 1885-ல், முக்காடிட்ட பெண்களும் உயர்குலப் பெண்களும் வந்து போவதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரி தோன்றியது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா பெயரில் இன்று இருப்பது அதுதான். பெயர் மாறியும் ஊரார் இன்னும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஒரு தடை எவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் அதன் பெயரே ஓர் ஆஸ்பத்திரிக்கு நிலைத்திருக்கும்!

தடை எப்போதும் வீட்டு ஆண்களின் வாயிலிருந்துதான் வரும் என்றும் சொல்ல முடியாது. இங்கே பேர்ல் பக்கின் 'நல்ல நிலம்' என்ற நாவலை நினைக்கிறேன். சீனத்து உழவன் வாங் லுங்கின் மனைவி ஓலான், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே பிள்ளை பெறுகிறவள். பெற்றுவிட்டு வயலுக்குத் திரும்புகிறவள். நம் ஊரில் இதைச் சொல்லிப் பெருமைப்படாத பாட்டி உண்டா? வயிற்றுக்குள் நெருப்பு எரிகிறது என்று பிற்பாடு அவள் சொல்கிறாள். கணவன் காதில் அது சரியாக விழுவதற்குக் காலம் ஆகிறது. கடைசியில் அழைத்து வந்த வைத்தியர், முழுக் குணத்துக்கு ஐந்நூறு வெள்ளிக்காசு கேட்கிறார். படுக்கையிலிருந்தபடி அதைக் கேட்ட ஓலான் வேண்டாம் என்கிறாள். தன் உயிருக்கு அவ்வளவு விலை இல்லையாம். அந்தப் பணத்துக்கு நல்ல நிலமாகவே வாங்கிவிடலாமாம்.

அந்த வைத்தியரால் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதும் படிக்கிற நமக்குத் தெரிகிறது. ஆனால் அவள் போட்ட கணக்கு நமக்கு அந்நியமானதல்ல. அதை நாம் தமிழில் கேட்டிருக்கிறோம். 'எனக்கென்னடா, பார்த்துக்கலாம். முதல்லே பையன் பீஸைக் கட்டு' என்ற சொற்களில் கேட்டிருக்கிறோம். 'அறுப்பு முடியட்டும்', 'பொண்ணு கல்யாணம் ஆகட்டும்' என்று கேட்டிருக்கிறோம். நம் கதைகளில் அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, கண்ணீரோடு கும்பிட்டிருக்கிறோம். பேர்ல் பக் கும்பிடவில்லை. அந்த வார்த்தையை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கணவனுக்குத்தான் அது தாங்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008 முதல் 108 வண்டி தமிழ்நாட்டின் கிராமச் சாலைகளில் ஓடுகிறது. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்கில், இந்தியா முழுவதற்கும் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 97 தாய்மார்கள் இறந்த காலத்தில், தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. நர்ஸம்மாவைப் போன்றவர்கள் வரப்பிலும் வெயிலிலும் நடந்து சம்பாதித்த கௌரவம் இது. 54 என்பதும் 54 வீடுகள்தான் என்பதை மறக்காமல், இதற்காகப் பெருமைப்படலாம்.

ஆனால் தடை அழிந்துவிடவில்லை; இடம் மாறியிருக்கிறது. பிரசவம் ஊரறிந்த விஷயம். வயிறு தெரிகிறது, வளைகாப்பு நடக்கிறது, வண்டி வருகிறது. வயிறு தெரியாத நோய்களுக்கு என்ன வழி?

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவளுக்கு மறுபடியும் உதிரம் கண்டது. அப்படிக் கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று இன்று எனக்குத் தெரிகிறது. சோதித்துப் பார்த்தால் பல சமயம் சின்னக் காரணமாக இருக்கும். புற்றாக இருந்தாலும் தொடக்கத்திலேயே தெரிந்தால் காப்பாற்ற வழி உண்டு. பெரியம்மா பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் தானே இருட்டில் துவைத்தாள். மகனிடம் 'இடுப்பு வலி' என்றாள். அவன் தைலம் வாங்கி வந்தான். மருமகளிடம் 'சூடு' என்றாள். அவள் வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம், ஆண் என்பதால், 'களைப்பா இருக்கு' என்றாள். அவர் சத்து மாத்திரை எழுதினார். யாரும் அன்பில்லாதவர்கள் அல்ல. அவள் சொன்ன நோய்க்கு அவரவர் மருந்து கொடுத்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றியிருந்தது. "இத்தனை நாள் ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று அங்கிருந்த லேடி டாக்டர் கேட்டார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலே" என்றாள் பெரியம்மா.

எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் பதில் சாட்டையடி போல இருந்தது. பெண்ணின் இடைக்கும் நடைக்கும் கூந்தலுக்கும் நம் மொழியில் எத்தனை உவமைகள்! உதிரப்போக்குக்கு நாம் என்ன சொல்கிறோம்? 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு', 'உடம்புக்கு முடியலே'. பல பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற கர்ப்பப்பை இறக்கத்தைக் கிராமத்தில் 'அடி தள்ளுது' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அதோடு கூடை சுமப்பார்கள், களை எடுப்பார்கள். அந்தச் சொல்லை எந்தத் தொடர்கதையிலாவது படித்ததாக எனக்கு நினைவில்லை. நான் எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒரு சொல் அச்சில் வந்துவிட்டால் அது வாயில் வருவதற்குக் கொஞ்சம் எளிதாகிறது. வீட்டுப் பெண்கள் படிக்கிற பத்திரிகைகளில் பல ஆண்டுகள் எழுதியவன் நான். பெரியம்மாவும் அவற்றைப் படித்தவள். அவளுக்குச் சொல்லத் தெரியாமல் போனதில் என் பங்கு ஒன்றுமில்லையா?

வெட்கம் போக, கையெழுத்து என்று ஒரு தடை இருக்கிறது. கர்ப்பத்தைக் கலைப்பது பற்றிய சட்டம் இந்தியாவில் 1971-ல் வந்தது; 2021-ல் திருத்தப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காகச் சிகிச்சை பெற, வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. கணவன் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் 'வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பப்படுகிற ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்தைக் கூட்டுகிற வாரம்.

இதற்கு நம் திரைப்படம் எவ்வளவு துணை நின்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரசவ அறையின் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். "தாய் வேண்டுமா, குழந்தை வேண்டுமா? இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்" என்கிறார். கணவன் தூணில் சாய்கிறான். வயலின் அழுகிறது. நாமும் அழுதிருக்கிறோம். அந்தக் கேள்வியை உள்ளே படுத்திருப்பவளிடம் ஏன் யாரும் கேட்கவில்லை என்று நமக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் நிஜ ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்காரரைக் கூப்பிடு' என்றால் நமக்கு அது இயல்பாகத்தானே படும்?

இவ்வளவும் கேட்டுவிட்டு, "எழுத்தாளன் சுகாதார இலாகாவின் பிரசாரகன் ஆக வேண்டுமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கலைக்கும் பிரசாரத்துக்கும் உள்ள அந்தப் பழைய வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. கதையில் ஒரு பெண் இறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லா வசதியும் இருந்தும் சாவு வருவதுண்டு. ஹெமிங்வே 1929-ல் வெளியிட்ட 'போரே, போய் வா' என்று சொல்லத்தக்க நாவலின் முடிவில், காதரின் லோசான் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உதிரம் நில்லாமல் இறக்கிறாள். அங்கே டாக்டர் இருக்கிறார், நர்ஸுகள் இருக்கிறார்கள். அந்தச் சாவின் கொடுமையே அதுதான். அதை எழுத ஹெமிங்வேக்கு உரிமை உண்டு; ஏனெனில் அந்த நீண்ட நாளை அவர் மணிக்கணக்காக நம்மோடு உட்கார்ந்து கழிக்கிறார்.

நான் கேட்பது கதைக்கலையின் முதல் பாடம்தான். ஒன்றனால் மற்றொன்று நடந்தது என்று காட்டுவதுதானே கதை? 'ராகு காலம் கழியட்டும்' என்று மாமியார் சொன்ன ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வண்டிக்காரனுக்குக் கொடுக்க ரூபாய் புரட்டிய ஒரு மணி நேரம் இருக்கிறது. தாலூகா ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை, ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொன்ன வேளை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒருவர் பேசுகிறார், ஒருவர் தயங்குகிறார், ஒருவர் வாய்மூடி நிற்கிறார். இதைவிட நாடகம் வேறெங்கே கிடைக்கும்? தேசியக் கணக்கெடுப்பில் பெண்களிடம் கேட்கிற கேள்விகளின் பட்டியலைப் பாருங்கள். வைத்தியத்துக்குப் போக அனுமதி வாங்குவது சிரமமா? பணம் சிரமமா? தூரம் சிரமமா? தனியாகப் போக விருப்பமில்லையா? பெண் டாக்டர் இருக்க மாட்டாரோ என்ற கவலையா? அதிகாரிகள் தயாரித்த இந்த வறண்ட பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு சிறுகதை.

சில மாதங்களுக்கு முன் அந்த நாவல் மறுபதிப்புக்கு வந்தது. திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். அந்த அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுத உட்கார்ந்தேன். மாலை நாலு மணிக்குச் செண்பகத்துக்கு வலி கண்டது என்று தொடங்கினேன். மழைக்கு நாலு வரி போதுமானதாக இருந்தது. எட்டு மணிக்கு மருத்துவச்சி, 'எனக்குச் சரியாப் படலே, டவுனுக்குக் கொண்டு போங்க' என்கிறாள். மாமியார், 'என் நாலு பிள்ளையும் இந்த அறையிலேதான் பொறந்துது' என்கிறாள். இப்போது எல்லோரும் கணவனைப் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். பழைய பிரதியில் அவன் வாயே திறக்கவில்லை, புகைத்துக்கொண்டிருந்தான். புதிய பக்கத்தில் அவன், 'அம்மாவுக்குத் தெரியாததா? விடியட்டும், பார்ப்போம்' என்றான். நான் சொல்லச் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவன்தான் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதோடு நாவலின் பிற்பகுதி நின்றுவிட்டது. அதில் இருநூறு பக்கம் அவன் மனைவியை நினைத்து உருகுகிறான். ஊரே அவனுக்காக இரங்குகிறது. 'விடியட்டும்' என்று சொன்னவனால் அந்தப் பக்கங்களுக்குள் நடமாட முடியவில்லை. அவனுக்கு வேறு இருநூறு பக்கம் எழுத வேண்டும். பழைய பிரதியே அச்சாகட்டும் என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். அது பிழையோடு இருக்கிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புதிய பக்கங்களை மேஜை அறையில் வைத்திருக்கிறேன். அவற்றை முடித்தபின் முதலில் படிக்கக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நூலகத்தாரிடம் நர்ஸம்மாவின் முகவரியைக் கேட்டு வாங்கிவிட்டேன்.